பழுக்க மறுக்கும் தக்காளி: சியாட்டில் கோடையின் வெப்பக் கணக்கு

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டிலைச் சுற்றியுள்ள பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தல் பக்கம் வீட்டுத் தோட்டம் போடும் தமிழர்களிடம் ஆகஸ்ட் கடைசியில் பேச்சுக் கொடுத்தால், சில வருஷங்களில் ஒரே புலம்பல்தான் கேட்கும். தக்காளிச் செடி ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது, காய் குலை குலையாகத் தொங்குகிறது, ஒன்றுகூடச் சிவக்கவில்லை. ஊரிலிருந்து ஆறு மாதத் தங்கலுக்கு வந்திருக்கும் அப்பாவோ மாமனாரோ கொல்லையை ஒரு சுற்று சுற்றி வந்து, "தண்ணி பத்தலைப்பா, கொஞ்சம் எருவும் போட்டு விடு" என்று சொல்லியிருப்பார். மகனும் போட்டிருப்பான். செடி இன்னும் இரண்டடி உயர்ந்திருக்கும்; காய் அதே பச்சையில் நிற்கும்.

அந்தப் பெரியவரின் யோசனை அவருடைய ஊருக்கு மிகச் சரி. தமிழ்நாட்டில் பட்டத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். ஆடிப்பட்டம் தேடி விதைப்பதே மழையை நம்பித்தான். வெயிலுக்குப் பஞ்சம் வந்து பயிர் நின்றுபோனதாக சமவெளியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே செடி சுணங்கினால் முதலில் தண்ணீரைப் பார், அடுத்து உரத்தைப் பார் என்பது நம் கையில் ஊறிப்போன பழக்கம். சியாட்டிலில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, கடையில் மூட்டை மூட்டையாய் மக்கு உரம் கிடைக்கிறது. காசு கொடுத்தும் வாங்க முடியாதது வெப்பம். செப்டம்பருக்குப் பிறகு வெளிச்சமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். இந்த இடத்தில் ஆகஸ்ட் நடுவில் ஊற்றும் தண்ணீரும் போடும் எருவும் பழுப்பதைத் தள்ளிப்போடவே உதவும். குளிர்ந்த கோடையில் விளைச்சலைக் காப்பாற்றுவது, எந்தப் பூவையும் பிஞ்சையும் கைவிடுவது என்று ஆகஸ்டில் உட்கார்ந்து போடும் கழித்தல் கணக்குதான்.

கோடை எதனால் குளிர்கிறது

வடக்கே இவ்வளவு தூரம் போனால் குளிரத்தானே செய்யும் என்று தோன்றும். சியாட்டில் இருப்பது 47.6 பாகை வட அட்சத்தில். ஆனால் காரில் இரண்டரை மணி நேரம் தென்கிழக்கே ஓட்டினால் வரும் யாக்கிமா, அட்சக்கோட்டில் ஒரு பாகைதான் தெற்கே. அங்கே ஜூலையில் பகல் வெப்பம் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். மிளகாய், தக்காளி, முலாம்பழம் எல்லாம் வயலில் கொட்டிக் கிடக்கும். சியாட்டில் உழவர் சந்தையில் ஜூலையிலேயே சிவந்த தக்காளி வந்து நிற்பதைப் பார்த்து நம் தோட்டத்தை நொந்துகொள்ள வேண்டியதில்லை. அதில் பெரும்பங்கு யாக்கிமா இருக்கும் பக்கத்திலிருந்து, மலையைத் தாண்டி வருவது.

வித்தியாசம் இரண்டு விஷயங்களால். ஒன்று பசிபிக் கடல், இன்னொன்று கேஸ்கேட் மலைத்தொடர். வாஷிங்டன் கரையோரக் கடல்நீர் நடுக்கோடையில்கூடக் குளிர்ந்தே கிடக்கும். அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று இரவில் உள்ளே நுழைந்து, விடியும்போது தாழ்ந்த சாம்பல் மேகமாக ஊரை மூடிக்கொள்ளும். நல்ல வருஷத்தில் பதினொரு மணிக்கு அந்த மூட்டம் விலகி வெயில் அடிக்கும். மோசமான வருஷத்தில் பிற்பகல் மூன்று மணிவரை விலகாது. கிழக்கே சூடேறிக் கிடக்கும் உள்நாட்டுக் காற்று இந்தப் பக்கம் வராதபடி மலை மறித்து நிற்கிறது. மலையைத் தாண்டி அந்தக் காற்று வரும் சில நாட்களில்தான் இங்கே உண்மையான அனல் அடிக்கும். 2021 ஜூன் 28 அன்று சீ-டாக் விமான நிலையத்தில் 42 டிகிரி பதிவானது அப்படிப்பட்ட நாள். அதற்கு நேரெதிர் 2011. அந்த வருஷம் ஜூலை மூன்றாவது வாரம் வரைக்கும் வெப்பமானி 80 பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 27 டிகிரியைத் தாண்டியிருந்த நேரம் மொத்தம் 78 நிமிடங்கள்தான் என்று உள்ளூர் வானிலைச் செய்திகள் கணக்குப் போட்டுச் சிரித்தன. தோட்டக்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் மழைக்குப் பங்கு குறைவு. மழை நகரம் என்று பேர் வாங்கிய சியாட்டிலின் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். சென்னையின் மழை அதைவிட அதிகம், சுமார் 1400. அதிலும் ஜூலை, ஆகஸ்டில் வானம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். மேகம் இருக்கும், மழை இருக்காது. தக்காளிக்கு இரண்டுமே கெட்ட செய்தி: வெயிலும் இல்லை, தண்ணீரும் நாமே ஊற்ற வேண்டும்.

டிகிரி நாள்

பயிர் நாட்காட்டி பார்த்து வளர்வதில்லை, சேர்ந்த வெப்பத்தைப் பார்த்து வளர்கிறது என்ற எண்ணத்தை 1735-லேயே பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் எழுதிவைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று வேளாண் துறைகள் பயன்படுத்தும் டிகிரி நாள் கணக்கு. ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். அதிலிருந்து, எந்த வெப்பத்துக்குக் கீழே அந்தப் பயிர் அசையாமல் நின்றுவிடுமோ அதைக் கழிக்க வேண்டும். தக்காளிக்கு அது 10 டிகிரி என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

சியாட்டிலில் சராசரி ஆகஸ்ட் நாள்: பகலில் 26, விடியலில் 14. சராசரி 20, பத்தைக் கழித்தால் கையில் நிற்பது 10. மேகம் மூடிய வருஷத்தில் பகல் 21, இரவு 13 என்று இறங்கினால் கையில் நிற்பது 7. வெறும் ஐந்து டிகிரி குறைந்த பகல், ஒரு டிகிரி குறைந்த இரவு. செடிக்குக் கிடைக்கும் கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே ஆகஸ்டில் சென்னையில் 35-ம் 26-ம் என்றால் மீதி 20-க்கு மேல். அங்கே ஒரு நாளில் கிடைப்பது இங்கே இரண்டு நாள் சம்பளம். (முப்பதுக்கு மேற்பட்ட சூட்டைத் தக்காளி சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது என்பதால் சென்னைக் கணக்கு கொஞ்சம் மிகை. ஒப்பீட்டுக்கு இது போதும்.) அக்டோபரில் பகல் 15, இரவு 8 என்று ஆகும்போது மீதி ஒன்றரைதான். செடி உயிரோடு இருக்கும், பச்சையாக இருக்கும், ஒன்றும் நடக்காது.

இந்தப் பொதுக்கணக்கைவிடப் பயனுள்ள ஒன்று, காயை மட்டும் கவனித்துப் பார்த்தது. இங்கிலாந்தில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் தக்காளிச் செடிகளை நான்கு வேறு வெப்பநிலைகளில் வைத்து, பூ விரிந்ததிலிருந்து பழம் சிவக்க எத்தனை நாள் என்று எண்ணினார்கள். 26 டிகிரியில் 42 நாள். 22-ல் 46 நாள். 18-ல் 65. 14-ல் 95 நாள். 26-லிருந்து 22-க்கு இறங்கும்போது நாலு நாள்தான் தாமதம். 18-லிருந்து 14-க்கு இறங்கினால் அதே நாலு டிகிரிக்கு ஒரு மாதம் போகிறது. சரிவு சீராக இல்லை, கீழே போகப் போகச் செங்குத்து. சியாட்டிலின் குளிர்ந்த கோடை அந்தச் செங்குத்தின் விளிம்பில்தான் நிற்கிறது. ஆகஸ்ட் சராசரி 20 இருந்தால் தப்பித்தோம், 17 ஆனால் மாட்டிக்கொண்டோம்.

இப்போது இந்த எண்களைக் கொல்லைக்குக் கொண்டுபோவோம். ஜூலை 20-ல் காய் பிடித்த பூவுக்கு, சராசரி வருஷத்தில் 55 நாள் என்று வைத்தால் செப்டம்பர் நடுவில் பழம். அதே பூவுக்குக் குளிர்ந்த வருஷத்தில் 70 நாள் வேண்டும், செப்டம்பர் கடைசி. ஆகஸ்ட் 15-ல் விரியும் பூவுக்கு? முன்பாதியில் 60 நாள் வேகத்தில் ஆரம்பித்தாலும் செப்டம்பர் சராசரி 17-க்கும் அக்டோபர் 12-க்கும் இறங்கிவிடுவதால் அந்தக் கணக்கு முடிவதே இல்லை. ஆகஸ்ட் நடுவில் பூக்கும் பெரிய ரகத் தக்காளிப் பூ ஒவ்வொன்றும் கட்டாயம் பச்சையாகவே முடியப்போகிற காய். அந்தக் காய்க்குள் செடி கொட்டும் சர்க்கரை முழுக்க மற்ற காய்களிடமிருந்து பிடுங்கியது.

கத்தரிக்கோலுக்கு வேலை

ஆகவே ஆகஸ்ட் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் செய்ய வேண்டியது செடியின் கொழுந்தைக் கிள்ளுவது. உச்சிக் கொழுந்து, பக்கச் சிம்பு, புதிதாக விரிந்த பூங்கொத்து, கோலிக்குண்டைவிடச் சின்னப் பிஞ்சு, எல்லாம் போக வேண்டும். செர்ரித் தக்காளிக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் கூடுதல் அவகாசம் தரலாம், அது சீக்கிரம் பழுக்கும். கொடியாகப் படர்ந்துகொண்டே போகும் ரகங்களுக்குத்தான் இது முக்கியம். ஓரளவு வளர்ந்து தானே நின்றுவிடும் குத்துச்செடி ரகங்கள் தம் கணக்கைத் தாமே முடித்துக்கொள்ளும்.

நம்மவர்களுக்கு இதில் மனம் வராது. பூத்த பூவைக் கிள்ளுவதா என்று கை கூசும். "காய்க்கிற வரைக்கும் காய்க்கட்டுமே" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட செடியில் அக்டோபரில் அறுபது பச்சைக் காய் இருக்கும். கிள்ளிய செடியில் இருபத்தைந்து பழம் இருந்திருக்கும். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம், ஆனால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

தண்ணீரை ஆகஸ்ட் நடுவிலிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிலத்தில் நட்ட செடி லேசாக வாடி மாலையில் நிமிரும் அளவுக்குக் காயவிடலாம். தொட்டியில் உள்ளதை அப்படிச் செய்யக் கூடாது, வேர் ஓட இடமில்லாததால் காயின் அடி கறுத்துப் போகும். தழைச்சத்து உரம் ஜூலையோடு நிற்கட்டும். இன்னும் பிடிவாதமான செடிக்கு இங்குள்ள பழைய தோட்டக்காரர்கள் ஒரு வைத்தியம் செய்வார்கள்: தண்டிலிருந்து ஓரடி தள்ளி, செடியைச் சுற்றி அரைவட்டத்துக்கு மண்வெட்டியை நேராக இறக்கி எடுப்பது. ஒரு பக்கத்து வேர் அறுபடும். செடி பயந்துபோய் வளர்ச்சியை நிறுத்திக் காயைப் பழுக்கவைக்கப் பார்க்கும். முழு வட்டம் போட்டால் செடியே போய்விடும்.

இலையைக் கழிப்பது பற்றி ஒரு தெளிவு வேண்டும். காய் சிவக்க வெளிச்சம் தேவையே இல்லை. இருட்டுப் பெட்டியிலும் அது பழுக்கும். ஆனால் குளிர்ந்த ஊரில், நேர் வெயில் படும் காயின் உட்சூடு சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி மேலே போகும். அந்தச் சூட்டுக்காகக் குலையை மறைக்கும் கீழிலைகளை மட்டும் எடுக்கலாம். மேலே உள்ள இலைகளை மொட்டையடித்தால் சர்க்கரைக்கு வழியில்லாமல் பழம் சப்பென்று ஆகும். தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலில் இதே வேலையைச் செய்தால் காயின் தோல் வெந்து வெள்ளைத் திட்டு விழும். இங்கே அந்தப் பயம் குறைவு.

முன்பு சொன்ன ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. காய் தன் வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில்தான் வெப்பத்துக்கு அதிகமாக அசைந்துகொடுக்கிறது. அதனால் செப்டம்பரில் செடிமேல் ஒரு பிளாஸ்டிக் கூரையோ துணிப் போர்வையோ போடுவது, மே மாதத்தில் போடுவதைவிடக் காய்க்கு நேரடியான லாபம். தெற்குப் பார்த்த சுவரோரம் நட்ட செடிக்கு அந்தச் சுவரே இரவெல்லாம் சூடு கொடுக்கும்.

பழுப்பது என்ன வேலை

காய் முழு அளவுக்குப் பெருப்பது ஒரு வேலை, பழுப்பது இன்னொரு வேலை. பெருத்து முடித்த காய் எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளிவிடத் தொடங்கும். அந்த வாயுதான் பச்சையத்தைக் குலைத்து, சதையை இளக்கி, லைகோபீன் என்ற சிவப்பு நிறமியை உருவாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைத்தவர்கள் பெயர் தெரியாமலே பயன்படுத்தியது இந்த வாயுவைத்தான். புகையில் அது உண்டு. செடிமேல் அதன் ஆட்டத்தை 1901-ல் ரஷ்யாவின் நெல்யுபோவ் என்ற இளைஞர் பட்டாணி நாற்றில் கண்டுபிடித்தார், விளக்கெரிக்கும் வாயுவில் அது கசிந்து நாற்றைக் கோணலாக்கியதைப் பார்த்து. பழமே அதை உற்பத்தி செய்கிறது என்று 1934-ல் இங்கிலாந்தில் ஆப்பிளை வைத்து நிறுவினார்கள்.

லைகோபீன் உருவாக ஏற்ற சூடு சுமார் 20 முதல் 25 டிகிரி. 30-க்கு மேல் போனால் சிவப்பு வராமல் மஞ்சள், ஆரஞ்சிலேயே நின்றுவிடும். கடும் வெயிலில் தக்காளி மஞ்சள் தோளோடு வருவதற்கு இதுவும் காரணம். 12, 13 டிகிரிக்குக் கீழே வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆக, செப்டம்பர் கடைசியில் வெளியே 10 டிகிரி இரவில் தொங்கும் காயைவிட, சமையலறை மேடையில் 20 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் காய் சீக்கிரமும் நன்றாகவும் பழுக்கும். செடியில் பழுத்தால்தான் ருசி என்ற நம்பிக்கை கோடை நடுவில் உண்மை. குளிர் தொடங்கிய பின் அது பொய்.

எந்தக் காயைப் பறிப்பது? செங்காய் ஆனதை யோசிக்காமல் பறிக்கலாம். அடியில் லேசாக இளஞ்சிவப்பு ஏறிய அந்த நிலையில் காம்புக்கும் காய்க்கும் இடையே தடுப்பு விழுந்துவிடுகிறது, அதன் பிறகு செடி அதற்குக் கொடுப்பது மிகக் குறைவு. முழுப்பச்சைக் காயில்தான் குழப்பம். குலையில் ஒன்றைப் பறித்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி படும்போது விதைகள் வழுக்கி விலகிக்கொண்டு, சுற்றிலும் கொழகொழவென்று சாறு கட்டியிருந்தால் காய் முற்றிவிட்டது. அதே அளவு, அதே வெளிர்பச்சை நிறத்தில் உள்ள மற்றவையும் வீட்டுக்குள் பழுக்கும். விதை கத்தியோடு சேர்ந்து வெட்டுப்பட்டு, உள்ளே கெட்டியாகப் பச்சைச் சதையாக இருந்தால் அது பழுக்காது, சுருங்கித்தான் போகும். அதைத் துவையலுக்கோ கூட்டுக்கோ ஒதுக்கிவிடுவது நல்லது. பச்சைத் தக்காளியைக் கடலைப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் அக்டோபர் மாதத்துச் சாப்பாடு.

முற்றிய காய்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் அட்டைப் பெட்டியில் பரப்பி, ஒரு வாழைப்பழத்தைக் கூட வைத்தால் எத்திலீனுக்குப் பஞ்சமில்லை. 20 டிகிரி அறையில் ஒன்றிரண்டு வாரம். 13, 14 டிகிரி உள்ள காராஜில் மூன்று நான்கு வாரம். இரண்டு இடத்திலும் பாதிப் பாதியாக வைத்தால் நவம்பர் வரைக்கும் ரசத்துக்கு வரும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம். தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் மணம் தரும் சேர்மங்களை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன, வெளியே எடுத்து வைத்த பிறகும் முழுதாக மீள்வதில்லை என்று 2016-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தை உள்ளடக்கிய ஓர் ஆய்வு காட்டியது.

பழுப்பதற்கு முன்னால் காய் பிடிக்க வேண்டுமே என்ற சிக்கலும் உண்டு. இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாமல் பூ உதிரும். சியாட்டிலில் ஜூன் முழுக்க இரவுகள் அந்த அளவில்தான். இதற்காகவே பக்கத்து மாநிலத்தில், கார்வாலிஸ் நகரத்து ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகட் என்ற விஞ்ஞானி மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும் ரகங்களை உருவாக்கினார். ஒரிகான் ஸ்பிரிங், சிலெட்ஸ், லெஜெண்ட் ஆகியவை அவர் கைவண்ணம். குளிரில் பிடித்த முதல் காய்களில் விதை கொஞ்சமாகவோ இல்லாமலோ இருக்கும். ருசியில் இவை நாட்டுத் தக்காளிக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பழமே இல்லாத வருஷத்தில் ருசி பேசி என்ன பயன்? செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஸ்டுபிட்ஸ், ஜப்பானின் சன்கோல்ட் செர்ரி இரண்டும் இந்த ஊரில் கைவிடாத ரகங்கள்.

விதைப் பொட்டலத்தில் "65 நாள்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. தக்காளிக்கு அது விதைத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, நாற்று நட்ட நாளிலிருந்து. அதுவும் வெப்பமான இடத்தில் சோதித்த எண். சியாட்டிலில் அதோடு இரண்டு மூன்று வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐம்பதுகளில் உள்ள ரகமாகப் பார்த்து எடுத்தால் கவலை குறையும். 80 நாள் என்று போட்ட பெரிய ரகங்களை வேடிக்கைக்கு ஒரு செடி வைக்கலாம்.

செப்டம்பர் மழை

இத்தனையும் செய்து காத்திருக்கும்போது வருவது பின் கருகல் நோய். 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நுண்ணுயிர்தான். நீலகிரியில் உருளை போடுகிறவர்களுக்கும் இது பழைய எதிரி. 15 முதல் 20 டிகிரி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஈரமான இலை, இது போதும் அதற்கு. சியாட்டிலின் செப்டம்பர் அதற்குச் சம்பந்தி வீட்டு விருந்து. இலையில் எண்ணெய் பட்டதுபோல் ஒரு கரும்பச்சைத் திட்டு, இரண்டு நாளில் தண்டில் பழுப்புக் கோடு, வாரக் கடைசியில் செடியே கருகித் தொங்கும். வித்துகள் காற்றில் மைல்கணக்கில் வரும் என்பதால் நம் தோட்டத்தைச் சுத்தமாக வைத்தது மட்டும் காப்பாற்றாது.

இலை நனையாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே உருப்படியான வழி. ஆகஸ்ட் கடைசியில், முதல் மழைக்கு முன்னால் நாலு கம்பு நட்டு மேலே பிளாஸ்டிக் விரித்து, பக்கங்களைத் திறந்தே விட வேண்டும். நோய் தெரிந்துவிட்டால் அன்றைக்கே நல்ல காய்களை எல்லாம் பறித்து வீட்டுக்குள் கொண்டுபோங்கள். அவற்றில் சில உள்ளே வந்தும் பழுப்புத் திட்டு விழுந்து அழுகும், அவற்றை எறிந்துவிடலாம். நோய் பட்ட பழத்தைப் பாட்டிலில் அடைத்துப் பதப்படுத்துவது மட்டும் கூடாது; அழுகல் பழத்தின் புளிப்பைக் குறைத்துவிடும், புளிப்பு குறைந்த பாட்டிலில் நஞ்சு உண்டாக வாய்ப்பு உண்டு.

அவரை பூக்காத காரணம்

நம் சமையலைப் பார்த்தால் பழுத்தே ஆக வேண்டிய காய் தக்காளி ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். கத்தரி, வெண்டை, பாகல், சுரை, பச்சை மிளகாய் எல்லாம் பிஞ்சிலும் காயிலும் பறிப்பவை. ஆகையால் குளிர்ந்த கோடையில் அவற்றின் சிக்கல் வேறு. மிளகாய் சிவக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கத்தரியை நீள ரகமாக, கறுப்புத் தொட்டியில் சுவரோரம் வைத்து, காய் பெருக்கட்டும் என்று காத்திராமல் விரல் அளவிலேயே பறித்தால் தொடர்ந்து வரும். வெண்டைக்கு இரவிலும் சூடு வேண்டும். பிளாஸ்டிக் கூடாரம் இல்லாமல் இங்கே நட்டால் முழங்கால் உயரத்தில் நின்றபடி வாரத்துக்கு இரண்டு காய் கொடுக்கும். புடலைக்கும் பாகலுக்கும் அதே கதி.

அவரையின் கதை முற்றிலும் வேறு. ஊரிலிருந்து பொட்டலத்தில் மடித்துக் கொண்டுவந்த விதை அருமையாக முளைக்கும், வேலி முழுக்கப் படரும், கரும்பச்சையாய்க் கண்ணைப் பறிக்கும். ஆனால் பூக்காது. குளிரின்மேல் பழி போடுவார்கள். காரணம் பகலின் நீளம். பாரம்பரியக் கொடி அவரை குறும்பகல் பயிர். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே சுருங்கினால்தான் அதற்குப் பூக்கும் எண்ணமே வரும். ஆடியில் ஊன்றிய அவரை மார்கழி, தையில் காய்த்துக் கொட்டுவது அதனால்தான். சியாட்டிலில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரம். அது பன்னிரண்டுக்கு இறங்குவது செப்டம்பர் கடைசி வாரத்தில். அவரை பூக்கத் தயாராகும்போது அக்டோபர் குளிர் வந்து கொடியை முடித்துவிடும். எவ்வளவு வெயில் அடித்த வருஷமானாலும் இதே கதைதான். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்களை மே மாதத்தில் வீட்டுக்குள் நாற்று விட்டு நட்டால் மட்டும் காய் பார்க்கலாம்.

வெங்காயம் இதற்கு எதிர்த்திசையில் ஏமாற்றும். நம் ஊர் ரகங்கள் குறைந்த பகலிலேயே கிழங்கு கட்டப் பழகியவை. அவற்றை இங்கே வசந்தத்தில் நட்டால் செடி பெருக்கும் முன்பே நீண்ட பகலைப் பார்த்துக் கோலி அளவில் கிழங்கு கட்டி முடித்துக்கொள்ளும். வடக்கு ஊர்களுக்கென்று உள்ள நீள்பகல் ரகம்தான் இங்கே சரி.

கறிவேப்பிலைத் தொட்டியை இரவு 10 டிகிரிக்கு இறங்கியதும் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். வெப்பமான நாட்களைப் பார்த்து அக்டோபர் வரை வெளியே விட்டவர்கள் அடுத்த வருஷம் புதுக்கன்று தேடி அலைவதுண்டு.

குளிர்ந்த கோடையில் லாபம் பார்ப்பவை

தக்காளிக்குத் துக்கமான அதே ஆகஸ்ட், கொத்தமல்லிக்குக் கொண்டாட்டம். வெயில் ஏறினால் மூன்று வாரத்தில் பூவுக்குப் போய்விடும் கொத்தமல்லி, 20 டிகிரிப் பகலில் தழைத்துக்கொண்டே இருக்கும். முள்ளங்கி, பட்டாணி, பாலக், வெந்தயக்கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் அப்படியே. ஊட்டியில் ஆண்டு முழுக்க இங்கிலீஷ் காய்கறி விளைகிற அந்தத் தட்பவெப்பம்தான் இந்த ஊரின் செப்டம்பர். தக்காளிக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுத்தவர்கள் குளிர்ந்த வருஷத்திலும் கூடை நிறைய எடுத்துப் போவதைச் சியாட்டில் நகரத்துப் பொதுத்தோட்டங்களில் பார்க்கலாம். 1973-ல் பிகார்டோ குடும்பத்தாரின் பண்ணை நிலத்தில் தொடங்கி, அந்தப் பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு பி-பேட்ச் என்று அழைக்கப்படும் இந்தத் தோட்டங்களில் பல நாட்டுக்காரர்களும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் பயிரிடுகிறார்கள். அங்கே யார் எதை எப்போது விதைக்கிறார்கள் என்று பார்த்துக் கற்பது இணையத்தில் தேடுவதைவிட மேல். தென்கிழக்காசியப் பாட்டிமார் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கடுகுக்கீரை விதைத்துவிடுவார்கள்.

அவர்கள் அவசரப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. சியாட்டிலில் நவம்பர் முதல் வாரத்தில் பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போய், பிப்ரவரி இரண்டாவது வாரத்தில்தான் திரும்பப் பத்தைத் தாண்டும். இடைப்பட்ட மூன்று மாதம் கீரை சாகாது, வளரவும் வளராது. குளிர்காலத்தில் பறித்துச் சாப்பிட வேண்டியதை நவம்பருக்குள் முழு அளவுக்கு வளர்த்து நிறுத்திவிட வேண்டும். முட்டைக்கோஸ், பிரக்கோலி நாற்று என்றால் ஜூலையில் விட்டிருக்க வேண்டும். பாலக்கும் முள்ளங்கியும் ஆகஸ்டில். கொத்தமல்லிக்குச் செப்டம்பர் முதல் வாரம் வரை அவகாசம். அதற்குப் பிறகு போடும் விதை முளைத்து இரண்டு இலையோடு குளிர்காலம் முழுக்க அப்படியே நிற்கும்.

கொழுந்து கிள்ளி, காய் பறித்து, அக்டோபர் முதல் வாரத்தில் தக்காளிச் செடியைப் பிடுங்கிய பாத்தி காலியாகக் கிடக்கும். அதில் அக்டோபர் நடுவில் பூண்டு ஊன்றலாம். பல்லின் கூர்முனை மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழம், பல்லுக்குப் பல் அரையடி இடைவெளி, மேலே மரங்களிலிருந்து உதிர்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டால் போதும். பூண்டுக்குக் குளிர் பட்டால்தான் பல் பிரியும். அறுவடை அடுத்த ஜூலையில். அதற்குப் பிறகு அந்தப் பாத்தியில் இலையுதிர்காலத்துக் கீரை விதைக்கவும் நேரம் இருக்கும்.